ஒருவழி

மேசைக்கடியில் மண்டியிட்டு
செல்போன் வெளிச்சத்தில் பார்க்கிறேன்.
கம்ப்யூட்டரின் முதுகில் நீலமாய் ஒரு வி.ஜி.ஏ.,
அதில் பழைய மானிட்டர் குடியிருக்கிறது.
இரண்டு திருகுகளிலும் கடல்காற்று பச்சை பூத்துவிட்டது,
இனி எந்தக் கைக்கும் கழலாது.
பக்கத்தில் ஒரு மூலை வெட்டிய செவ்வகங்கள் இரண்டு,
டிஸ்ப்ளேபோர்ட்.
வாங்கிய நாள் முதல்
தூசியைத் தவிர யாரும் நுழையாதவை.

புது மானிட்டருக்கு
(புதிது என்றால் எனக்குப் புதிது,
முத்தியால்பேட்டையில் மூடிப்போன டிராவல்ஸில்
ஆயிரத்து இருநூறுக்குப் பேசி எடுத்தது)
எச்.டி.எம்.ஐ. ஒன்றுதான் வாய்.

இரண்டு திரை இல்லாமல் இந்த வேலை ஆகாது.
ஒன்றில் பிரெஞ்சுப் பிறப்புப் பத்திரம்,
வலப்பக்கம் சாய்ந்து ஓடும் குமாஸ்தா மை.
மற்றதில் நான் அடிக்கும் தமிழ்.
ஒரே திரையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு
போன வாரம் ஒரு சொல்தாவின் மகளுக்கு
அம்மா பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
அத்தை பெயரை அடித்துவிட்டேன்.
மதாம் வியோலெத் கோபப்படவில்லை.
"வளர்த்தது அத்தைதான்.
ஆனா சப்-ரிஜிஸ்திரார் ஒத்துக்க மாட்டாரே."

காந்தி வீதியில் கேபிள் வாங்கினேன்.
இந்த முனை இதற்கு, அந்த முனை அதற்கு,
இரண்டும் சொன்னபடி உட்கார்ந்தன.
நடுவே தொங்கிய யு.எஸ்.பி. வால் எதற்கென்று
கேட்காதது என் தப்பு.
"சிக்னல் இல்லை" என்றொரு சின்னப் பெட்டி
திரைக்குள் அலைந்தது,
மூலையில் முட்டியது, திரும்பியது,
பிறகு கறுத்துத் தூங்கிவிட்டது.
கழற்றினேன். ஊதினேன். மாட்டினேன்.
பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்,
அது தமிழில் வராது.

கடைக்காரர் தஸ்தகீர்
உறையிலிருந்த பொடி அம்புக்குறியை நகத்தால் காட்டினார்.
"இது எச்.டி.எம்.ஐ.லேருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போறது மேடம்.
உங்களுக்கு வேண்டியது அங்கேருந்து இங்கே வர்றது."
"ரெண்டுலயும் முனை அதேதானே?"
"முனை அதேதான். பேச்சு ஒரு பக்கம்தான் போகும்."
நான் கொண்டுவந்தது விலை கூடியது, வேண்டியது மலிவு.
மிச்சக் காசுக்கு ஒரு பென்டிரைவ் தள்ளிவிடப் பார்த்தார்.

வண்டியை எடுக்கும்போது சிரிப்பு வந்தது.
பதினொரு வருஷமாய் நானும்
பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மட்டும்தான்.
யாராவது கல்யாணப் பத்திரிகையை நீட்டி
"அந்தப் பக்கம் மாத்தித் தாங்க" என்றால்
கை கூப்பி அனுப்பிவிடுவேன்.
நாத்தனார், ஓரகத்தி, கொழுந்தியாள்,
மூவரும் அங்கே போனால் ஒரே பெல்-சேர்.
சண்டையே போட முடியாது.

மாலை ஆறு பத்துக்கு
இரண்டாம் திரை கண் விழித்தது.
பழையதன் வெள்ளை மஞ்சள், புதியதன் வெள்ளை நீலம்,
போகட்டும்.
இடப்பக்கம் வைத்த திரையை
வலப்பக்கம் இருப்பதாய் நம்புகிறது கம்ப்யூட்டர்.
வலது ஓரத்தில் மறைகிற மவுஸ்
இடது கோடியில் எட்டிப் பார்க்கிறது.
செட்டிங்ஸில் ஒரு இழுப்பு போதும்.
இழுக்கவில்லை.
நாளைக் காலை பத்து மணிக்கு மதாம் வருகிறார்,
வெளியே மழை ஓட்டுச் சரிவில் எண்ணிக்கொண்டிருக்கிறது.

வலதில் வெளியேறி, இடதில் நுழைந்து,
ஊரையே சுற்றி வந்து
அம்மா பெயரை எடுத்து வைத்தேன்: ஞானப்பூ.
பத்திரத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால்
கடைசி வரிகளில், சாட்சிகளுக்கு நடுவே,
வாலில் ஒரு ஊமை எழுத்து ஒட்டிக்கொண்டு
அத்தை.

அடித்தேன்:
அமலோற்பவம், வயது பத்தொன்பது,
கையெழுத்திடத் தெரியாதென அறிவித்தவர்.